திரை சாரின் இருமல்

மேடையில் ஒரு நாள்கூட முகம் காட்டாமல் மயிலாப்பூர் முழுக்கக் கைதட்டல் வாங்கியவர் திரை சார் ஒருவர்தான். இல்லை என்பவர்கள் என்னிடம் வந்து பேசட்டும்.

நாடகக் குழுவில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர். வருஷக்கணக்கில் கிசுகிசுத்தே பழகி, வெளியிலும் அவருக்குக் குரல் எழும்பாது. பஸ்ஸில், "அடையாறு ஒண்ணு," என்பார். கண்டக்டர் காதைக் கொண்டுவந்து, "இன்னா சார், அடையாறு போறது வூட்டுக்குத் தெரியக் கூடாதா?" என்பார்.

நான் அங்கே உடுப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். மாமியார் வேஷக்காரி ஒரு நாள் கோபித்துக்கொண்டு போய்விட, "நீ நடிம்மா," என்றார் சார். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவர் வாசித்தார், நான் திருப்பிச் சொன்னேன். ஒரு சொல் விடவில்லை. அவர் இருமிய இடத்தில் நானும் இருமினேன். அதுவும் வசனம் என்றுதான் நினைத்தேன்.

மேடையில் மருமகளைப் பார்த்து, "சாவி என்கிட்டதான் இருக்கும்," என்றேன். இரண்டு இருமல். "தெரிஞ்சுக்கோ!" மருமகள் நடுங்கிப்போய்த் தன் வசனத்தை மறந்தாள். கைதட்டலில் சபாவின் கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

குழு நடத்தியவர் உள்ளே பாய்ந்து வந்தார். "யாரைக் கேட்டு இருமின? நாளையிலேருந்து இஸ்திரிப் பொட்டிகிட்டயே நில்லு!"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன். அது கலை!" என்றார் திரை சார். அவர் முழுக்குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். வேஷம் எனக்கே நிலைத்தது.

மறுநாள் தனியாகக் கூப்பிட்டு, "அது சளிம்மா," என்று கிசுகிசுத்தார்.

"இன்னா சார், நேத்து கலைன்ன, இன்னிக்கு சளின்ற?"

நாடக நோட்டைப் புரட்டினார். "ரெண்டாவது சீன்லயும் ஒண்ணு போடு," என்றார். அது கலையா சளியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த இருமலை வைத்துத்தான் இப்போது டிவி சீரியலில் மாமியாராக இருக்கிறேன். போன மாதம் வந்த புது டைரக்டர், "நாளைக்கு இருமாம பேசுங்கம்மா. இல்லன்னா வேற ஆள் பார்க்கணும்," என்றார். இருமலை எடுத்தால் எனக்கு வசனமே வரவில்லை.

நங்கநல்லூரில் மகள் வீட்டில் இருக்கும் சாரிடம் ஓடினேன். "இருமாம எப்டி சார் பேசறது? சொல்லிக் குடு."

என் வசனச் சீட்டை வாங்கி மளமளவென்று வாசித்தார். ஓர் இருமல் இல்லை. மருந்து சாப்பிட்டுச் சளி சுத்தமாகப் போய்விட்டதாம். கேட்க ரேஷன் கடை அறிவிப்பு மாதிரி இருந்தது. அவருக்கே முகம் சுருங்கிவிட்டது.

"நான் எந்த எடத்துலம்மா இருமுவேன்?"

நான் கிசுகிசுத்து எடுத்துக் கொடுத்தேன். இருமினார். இரண்டு பேரும் கைதட்டிக்கொண்டோம்.

மறுநாள் செட்டில் துணிந்து இருமினேன். டைரக்டர் கட் சொல்ல மறந்து நின்றார். பிறகு மெதுவாக, "அது இருக்கட்டும்மா," என்றார்.

சாருக்குச் சளி குணமாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் ஆகவில்லை, ஆகவும் வேண்டாம்.