எல்லாம் சட்டப்படி

"தொண்ணூற்றாறு டெசிபெல்," என்றார் ஆய்வாளர் அம்மா, காதிலிருந்து பஞ்சை எடுத்தபடி. "அனுமதி எழுபத்துநாலு. இது போடற சத்தத்துக்கு நீங்க ரோடு கேக்கக் கூடாது சார், ரன்வே கேக்கணும்."

அந்தச் சத்தத்துக்காகத்தான் வண்டியையே வாங்கினேன் என்ற பதில் கண்ணாடிக்காரரின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி, ஊரார் எல்லோரையும் தெளிவாகப் பார்க்க வைத்தவர் அவர். போன வருடம் வெளிநாட்டில் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவன் இந்தச் சிவப்பு வண்டியில் ஏற்றி ஆக்ஸிலேட்டரை ஒரே ஒரு மிதி மிதித்தான். கண்ணாடிக்காரரின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு மனிதரின் மனசு வேறு எதிலும் ஒட்டவில்லை.

அந்த வண்டி இங்கே விற்பனைக்குக் கிடையாது. ஆகவே மச்சினனின் வண்டியையே வாங்கிக் கப்பலில் ஏற்றினார். அது வந்து நிற்க இடம் வேண்டுமென்று வீட்டிலிருந்த பழைய காரை விற்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மாவாக இருக்கும் அவர் மனைவி, அன்றிலிருந்து இரண்டு பை நிறைய நோட்டுகளைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் போய் வருகிறார். "பத்தே நாள்" என்று கணவர் சொல்லியிருந்தார்.

சட்டம் தொண்ணூறு நாள் என்றது. அதற்குள் தகுதிச் சான்று வாங்காவிட்டால், ஒன்று வந்த வழியே அனுப்பவேண்டும். இல்லையென்றால் நசுக்கும் யந்திரத்துக்குக் கொடுக்கவேண்டும்.

"இப்ப என்ன செய்யணும் மேடம்?"

"சைலென்ஸரை மாத்திட்டு வாங்க. சின்ன வேலைதான்."

சான்று இல்லாத வண்டி சாலையில் ஓடக் கூடாது. ஆகையால் மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் போகக்கூடிய அந்த வண்டி, லாரி முதுகில் ஏறி இருபது கிலோமீட்டர் வேகத்தில் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்ந்தது.

மெக்கானிக்குக்கு ஊரில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். எதைக் கேட்டாலும் அவர் அதைத்தான் சொல்வார்.

"சத்தம் குறையணும்ணே. ஆனா கெத்து குறையக் கூடாது."

"பாத்துக்கலாம் சார்."

ஒரு வாரம் பார்த்தார். சவ ஊர்தியிலிருந்து கழற்றிய சைலென்ஸர் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். இப்போது வண்டியைக் கிளப்பினால், தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்ற நல்லெண்ணம் அதன் குரலில் கேட்டது.

இரண்டாவது ஆய்வில் சத்தம் பாஸ். ஆய்வாளர் அம்மா ஒரு மரக்கட்டையை வண்டிக்கு அடியில் காலால் தள்ளினார். கட்டை பாதியில் நின்றது.

"சைலென்ஸர் ரொம்பத் தொங்குது சார். வேகத்தடையில ஏறினா இது அங்கேயே தங்கிடும். வண்டியை உசத்துங்க."

'பாத்துக்கலாம்' ஸ்பிரிங்கை மாற்றி உயர்த்தினார். தரையோடு தரையாகப் பதுங்கியிருந்த வண்டி, வெள்ளம் வருவதற்குள் புடவையைத் தூக்கிப் பிடித்த அம்மாளைப் போல நின்றது.

வீட்டில் மனைவி பையை இறக்கி வைத்தார். விரல்களில் பைக்காது பதிந்த தடம் சிவந்திருந்தது.

"ஏங்க, பத்து நாள்னு சொன்னது யாரோட கணக்குல?"

"கொஞ்சம் பொறு. ஆபீசர் கொஞ்சம் கறார்."

"யாரையாவது பிடிச்சு முடிக்கலாமேன்னு உங்க தம்பி சொன்னாரே."

"என் வண்டி சட்டப்படிதான் ரோட்டுக்கு வரும்!"

"வரட்டும். நான் பஸ்படி வர்றேன்," என்று சொல்லிவிட்டு அவர் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார்.

மூன்றாவது ஆய்வில் உயரம் பாஸ். விளக்கைப் போடச் சொன்னார்கள். வெளிச்சம் எதிர்ச் சுவரைத் தாண்டி மேலே போனது.

"வண்டியை உசத்தினதால விளக்கும் உசந்துடுச்சு சார். எதிர்ல வர்றவனை விடுங்க, மொட்டைமாடியில துணி காயப்போடறவங்களுக்கே கண்ணு கூசும். வேற விளக்கு போடுங்க."

வேறு விளக்கு போட்டார்கள். வண்டியின் கம்ப்யூட்டருக்கு அந்த விளக்கைப் பிடிக்கவில்லை. கோபித்துக்கொண்டு எஞ்சினை அடக்கிவிட்டது. நான்காவது ஆய்வில், நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்று, சக்கரங்களை உருளைமேல் ஓடவிட்டுப் பார்க்கும் மேடையிலேயே வண்டி அடம் பிடித்தது.

"கம்ப்யூட்டரையே மாத்திடலாம் சார்," என்றார் 'பாத்துக்கலாம்'. "சாதுவா ஒண்ணு இருக்கு. எந்த விளக்கு போட்டாலும் கோவிச்சுக்காது. என்ன, இழுவை பாதியாயிடும்."

"பாதியா?"

"அதிகம் போனா பாதி. பாத்துக்கலாம்."

எழுபத்தொன்பதாம் நாள். கண்ணாடிக்காரர் கடையில் ஒருவருக்குப் பக்கத்துப் பார்வைக்குப் பதில் தூரப் பார்வைக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பினார். வண்டி நசுங்கி ஒரு பெட்டி அளவுக்கு வருவதை மத்தியானத் தூக்கத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டார். கம்ப்யூட்டரை மாற்றச் சொன்னார்.

ஐந்தாவது ஆய்வு. சத்தம் சரி, உயரம் சரி, விளக்கு சரி, ஓட்டம் சரி. கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"கலர்," என்றார் ஆய்வாளர் அம்மா.

"கலரா?"

"இந்தச் சிவப்பு தீயணைப்பு வண்டிக்கு மட்டும்தான் சார்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே மேடம்!"

"முதல் நாள் அந்தச் சத்தத்துல வேற எதையும் கவனிக்க முடியல சார்."

பெயின்ட் கடையில் உடனே கிடைத்தது வெள்ளை மட்டும்தான். நாட்கள் போதாது. வெள்ளை அடித்தார்கள்.

எண்பத்தெட்டாம் நாள், ஆறாவது ஆய்வில், ஆய்வாளர் அம்மா முத்திரையைக் குத்தினார். "இவ்வளவு ஒழுங்கா எல்லாத்தையும் மாத்தினவர் நீங்க ஒருத்தர்தான் சார்," என்று எழுந்து கையும் குலுக்கினார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். இருவரும் ஏறி, ஆய்வு நிலையத்தின் வளாகத்துக்குள்ளேயே ஒரு சுற்று வந்தார்கள். கண்ணாடிக்காரர் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். வண்டி சற்று யோசித்தது. பிறகு நகர்ந்தது. முதுகு சீட்டில் ஒட்டவில்லை. ஆனால் உட்கார வசதியாக இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றார், முன்னால் பார்த்தபடியே.

மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். இத்தனை நாளும் பஸ்ஸில் நின்றவர் அவர். கணவரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆட்டம் இல்ல, சத்தம் இல்ல. நோட்டு வெக்க இடமும் இருக்கு."

அது போதும் அவருக்கு. மூன்று மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு நிமிர்ந்தது. வளாகத்தின் ஓரத்தில் நம்பர் பிளேட் மாட்டும் கொட்டகை. வண்டியை அங்கே நிறுத்தி இறங்கினார். மாட்டுகிறவர் வாயில் இரண்டு திருகாணியைக் கவ்விக்கொண்டு, பின்பக்கம் குனிந்து வேலையைத் தொடங்கினார்.

"பாத்து மாட்டுங்க, கீறல் விழுந்துடப் போகுது," என்றார் கண்ணாடிக்காரர். "நாட்டுலயே இது ஒண்ணுதான் இருக்கு."

மாட்டுகிறவர் வாயிலிருந்த திருகாணிகளை எடுத்துவிட்டு, வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க எந்த டிரைவிங் ஸ்கூல் சார்? போன வாரம் நம்ம ஊர் ஷோரூம்ல இந்த மாடலை நம்ம சட்டத்துக்கு ஏத்தபடி சாதுவா மாத்தி இறக்கினதுலேர்ந்து, டிரைவிங் ஸ்கூலுக்குன்னு இதே வெள்ளையில இது நான் மாட்டற ஒன்பதாவது வண்டி!"