அடுத்தவர் நினைப்புக்குத் தடை

ஞாயிற்றுக்கிழமை காலைக் காப்பி முடிந்ததும் தட்டச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டார்.

"இனிமே இந்த வீட்டுல அடுத்தவங்க நினைப்பை யாரும் சொல்லக் கூடாது. எனக்கு இது வேணும், நான் இப்படி நினைக்கிறேன். அவ்வளவுதான்."

நீதிமன்றத்தில் சாட்சிகள் சொல்வதைத் தட்டச்சு செய்கிற உத்தியோகம். 'அவன் மனசுல என்ன நினைச்சான்னா' என்று எந்தச் சாட்சியாவது இழுத்தால் நீதிபதி கையை உயர்த்துவார். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்துப் பார்த்து, வீட்டிலும் ஒரு தடவை அப்படிச் செய்துவிட வேண்டுமென்று மனுஷனுக்கு ஆசை.

காரணமும் இருந்தது. மனைவி எதையும் தனக்கு வேண்டும் என்று கேட்டதே இல்லை; எல்லாம் அடுத்தவர் நினைக்கிறதாகத்தான் சொல்வாள். சுவர் மஞ்சளானது பக்கத்து வீட்டுக்காரி நினைத்ததால். அவருடைய மீசை போனது அவர் தங்கை நினைத்ததால். ஊரே கூடி நினைத்தால் ஒண்டி ஆள் என்னதான் செய்வார்?

"சரிங்க," என்று மனைவி உள்ளே போனாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதுமே அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை; வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார்.

பத்து நிமிஷத்தில் போன் அடித்தது. மனைவி ஸ்பீக்கரைப் போட்டு மேசையில் வைத்தாள். பெரியண்ணன்.

"தம்பி, நான் மகளோட போய் இருக்கப்போறேன். அங்க நாய் வளக்க விடமாட்டாங்களாம். நம்ம நாயை நீ வச்சுக்கிறியா?"

தெருவில் நாயைக் கண்டால் தட்டச்சர் வேறு தெரு வழியாகப் போகிற ஆள். அண்ணனிடம் மாட்டேன் என்று சொன்ன பழக்கமும் கிடையாது. மாட்டேன்களை எல்லாம் மனைவி பேரில் சொல்லித்தான் இத்தனை காலம் ஓட்டினார்.

"எனக்கென்னண்ணே, ஆனா இவ என்ன நினைக்கிறாள்னா..."

மனைவி கையை உயர்த்தினாள். அந்த உயர்த்தலுக்கு முன் நீதிபதியே தோற்றார்.

"உங்க நினைப்பைச் சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

"வேணாம்னா அண்ணன் என்ன நினைப்..."

"அதுவும் கூடாதுங்க."

"ரொம்ப சந்தோஷம்ணே," என்றார் தட்டச்சர். "கூட்டிட்டு வாங்க."

"நீ நல்லா இருப்பே தம்பி," என்றார் அண்ணன். அதைக் கேட்டதும் அவருக்கும் மனசு நிறைந்துதான் போயிற்று. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கையில் பெரிய புதுக் கிண்ணம்.

"இது எப்ப வாங்குனது?"

"போன வாரம். உங்க அண்ணன் முதல்ல என்கிட்டதான் கேட்டாரு. எனக்கு நாய்னா உயிரு. நீங்கதான் எம்மேல பழியைப் போட்டுத் தப்பிச்சிடுவீங்களேன்னு யோசிச்சிட்டிருந்தேன். இன்னைக்குச் சட்டம் போட்டீங்க. உடனே கூப்பிடச் சொல்லிட்டேன்."

"நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா?"

"அண்ணன்கிட்டயா?" என்றாள் மனைவி, கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே.