டெக்னோவில் தைத்த நைட்டிகள்

அன்றைக்குத் தைத்து இறக்கிய நைட்டிகளில் பதினோரு நைட்டிக்குப் பாக்கெட் தலைகீழாக இருந்தது. அதில் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே சூப்பர்வைசர் இளவரசி போன் செய்தாள்.

"சஹானா, நீ குடுத்த பாட்டு ரொம்ப ஸ்பீடும்மா. இந்தப் பாக்கெட்ல செல்லைப் போட்டா நேரா கால்ல வுழும்."

"பாட்டுல யாராவது பாடுனாங்களாக்கா?"

"யாரும் பாடலை. ரைஸ்மில் மோட்டார் மாதிரி ஒரே அடி."

"அய்யோ, அது டெக்னோ டைப்! நான் ஹவுஸ் டைப்தானே போடச் சொன்னேன்?"

"பென்டிரைவ்ல எல்லாம் கலந்து கெடக்குதே. எது எதுன்னு பேரு போடலையே?"

"கேட்டாலே தெரியும்க்கா" என்றாள் சஹானா.

கேட்டாலே தெரிகிற காது இருந்தால் இளவரசி ஏன் திண்டிவனத்தில் நைட்டி எண்ணிக்கொண்டிருக்கிறாள்?

சஹானா முதலாளி சந்திரப்பிரபுவின் மகள். புதுச்சேரியில் கல்லூரிப் படிப்பு. முதலாளி அதிர்ந்து பேச மாட்டார். அதுதான் பயமே. போன வாரம் வந்து, "விழுப்புரம் யூனிட்ல ஒரு நாளைக்கு நானூறு பீஸ் வருது. இங்க முந்நூத்திப் பத்து. இந்த மாசத்துக்குள்ள நானூறு வரலைன்னா இந்த மிஷினையும் அங்கயே ஏத்திடலாம்மா" என்று நலம் விசாரிக்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார்.

இளவரசி இங்கே வந்து நாற்பது நாள்தான் ஆகிறது. ஆனாலும் இங்கே தைக்கிற முப்பத்திரண்டு பெண்களை அப்படியே விட்டுவிட முடியவில்லை. ஒலக்கூரிலிருந்தும் கிளியனூரிலிருந்தும் திண்டிவனம் வந்து சேரவே படாத பாடு படுகிறவர்கள். விழுப்புரம் என்றால் பாதிப் பேர் வேலையை விட்டுவிடுவார்கள். அப்போதுதான் சஹானா, "பாட்டு போட்டா வேலை ஓடும்க்கா, எங்க ஜிம்ல அப்படித்தான்" என்று ஸ்பீக்கரையும் பென்டிரைவையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"சரி, ஹவுஸுன்னா எப்புடி இருக்கும், சொல்லு" என்று போனிலேயே கேட்டாள் இளவரசி.

"டம்முன்னு ஒரு அடி, நடுவுல ட்ஸ்ஸுன்னு ஒரு சத்தம். கைதட்டற மாதிரியும் வரும். அவசரமே இருக்காது."

மறுநாள் ட்ஸ் கேட்டது. இளவரசி ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல அதன் பக்கத்தில் எல்லோரையும் பார்த்தபடி நின்றுகொண்டாள். பாட்டு ஏறியது. மேலும் ஏறியது. அவள் தலை தன்னால் மெல்ல அண்ணாந்தது. சுகமாகத்தான் இருந்தது. மறுபடி குனிந்து பார்த்தபோது, முப்பத்திரண்டு பேரும் தூக்கத்தில் தைப்பதுபோல நிதானமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நிறுத்த வேண்டிய இடத்தில் யாரும் நிறுத்தவில்லை. நைட்டியின் அடிப்பக்கமும் சேர்த்துத் தைக்கப்பட்டுச் சாக்குப்பை ஆகியிருந்தது. மொத்தம் இருநூற்று நாற்பது பீஸ்.

"அக்கா, ராகம் ஏறிக்கினே போச்சா?" என்று போனில் கேட்டாள் சஹானா.

"போச்சு. நானே கூடப் போயிட்டேன்."

"அது டிரான்ஸ்."

அடுத்த நாள் ஜாக்கிரதையாக வேறொன்றைப் போட்டாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் திடீரென்று பாட்டு நின்றது. இளவரசி திகைத்து அசையாமல் நின்றாள். முப்பத்திரண்டு மிஷினும் ஒன்றாக நின்றன. பிறகு சேற்றில் சிக்கிய டிராக்டர் போல ஒரு சத்தம் கிளம்ப, அவள் கழுத்து வெட்டி வெட்டி இழுத்தது. அன்றைக்கு இரண்டிரண்டு நைட்டிகள் ஒட்டிப் பிறந்தன.

முன்வரிசையில் இருந்த சவுரியம்மாள் கும்பிடாத குறையாகச் சொன்னாள்: "மேடம், இப்புடி வெட்டி வெட்டிப் போனா ஊசி இன்னாத்துக்கு ஆவும்? ஒரே பேஜாரா கீது. சீரா போங்க மேடம்."

"அது டப்ஸ்டெப்புன்னு சஹானா சொன்னாம்மா. நாளைக்கி மாத்திடறேன்" என்றாள் இளவரசி. சவுரியம்மாள் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினாள்.

இளவரசிக்கு ரோஷம் வந்துவிட்டது. பென்டிரைவை வீட்டுக்கு எடுத்துப்போய், குழம்பு கொதிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் கேட்டாள். கடிகாரத்தைப் பார்த்து அடிகளை எண்ணினாள்.

"எல்லாம் ஒரே டமடமதானே?" என்றான் கணவன் ராஜ்குமார்.

"எது ஒண்ணு? இது நிமிஷத்துக்கு நூத்தியிருவத்தி நாலு, ஹவுஸ். இது நூத்தி முப்பத்தி அஞ்சு, டெக்னோ. காதுன்னு ஒண்ணு இருக்குதா உங்களுக்கு?"

ராஜ்குமார் காதைத் தடவிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனான்.

மாதக் கடைசி நாள் முதலாளி காலையிலேயே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இளவரசி ஒரு பாட்டை எட்டு அடி கேட்டாள், டெக்னோ, வேண்டாம். இன்னொன்று, டிரான்ஸ், ஆகவே ஆகாது. மூன்றாவதில் டம், ட்ஸ், கைதட்டல். அவசரமே இல்லை. போட்டுவிட்டு, பயத்தில் முதலாளி பக்கம் திரும்பாமல் மிஷின்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாயந்திரம் மிஷின்கள் ஓய்ந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு நைட்டிகள். பாக்கெட் நேராக, அடிப்பக்கம் திறந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக. இளவரசிக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்த யூனிட் எங்கயும் போவாது" என்றார் சந்திரப்பிரபு. "அது இன்னாம்மா பாட்டு?"

"ஹவுஸ் சார். டெக்னோன்னு தப்பா நெனச்சிக்காதீங்க. நடுவுல அந்த ட்ஸ் இருக்குது பாருங்க, அதுதான் சார் அடையாளம்!"

"அப்ப விழுப்புரத்துலயும் இதையே போட்டு ஐநூறு ஆக்கிடலாம். ஸ்பீக்கரோட நீயும் நாளைலேருந்து அங்க போயிடும்மா."

முன்வரிசையில் சவுரியம்மாள் பதறிப்போய் எழுந்தாள்.

"ஸ்பீக்கரை எடுத்துக்கினு போங்க சார், மேடத்தை வுட்ருங்க. மிஷின் சத்தத்துக்கு நாங்க எல்லாரும் காதுல பஞ்சு வெச்சிக்கினுதான் குந்தறோம். மேடம் தலை ஆடறதைப் பார்த்துதான் சார் தைக்கிறோம்!"