பத்தடி ஃபிளெக்ஸில் எனக்குக் கல்யாணம்

எனக்கு அறுபத்து மூன்றாவது வயதில் ஒரு கல்யாணம் நடந்தது. நடந்தது எனக்கே தெரியாது. மாப்பிள்ளையின் முகத்தை நேரில் பார்த்தது பத்து நாள் கழித்துத்தான், அதுவும் அவருடைய மனைவியிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது.

நான் மெல்பர்னில் மகள் சுமதி வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஆரணியில் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். அவர் காலமான பிறகு குடும்ப பென்ஷன் எனக்கு வருகிறது. மகள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் பேத்திக்குப் பிறந்தநாள் என்றால் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் நானே ஒரு கவுன் வாங்குகிறேன் பாருங்கள், அந்தத் தெம்பு பென்ஷன் கொடுப்பது. என் வீட்டுக்காரர் ஒன்றாம் தேதி சம்பளக் கவரை அப்படியே என் கையில் கொடுத்து, "கணக்கு கேக்க மாட்டேன், காப்பி மட்டும் நல்லா குடு" என்பார். இப்போதும் அவர்தான் கொடுக்கிறார். காப்பி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

இதற்காக வருஷத்துக்கு ஒரு முறை நான் இரண்டு விஷயங்களை உறுதிசெய்ய வேண்டும். ஒன்று, நான் உயிரோடு இருக்கிறேன். இரண்டு, நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை. (முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடவே ஆள் கிடைக்காத எனக்கு!) சில வருஷம் மெல்பர்னிலிருந்தே காகிதம் அனுப்பினேன். போன முறை, கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று திரும்பி வந்துவிட்டது. பென்ஷன் ஆபீசுக்குப் போன் செய்தால், "நேர்ல ஒரு தடவ வந்துட்டுப் போயிடுங்கம்மா, ஒரு பேஜாரும் இல்ல" என்றார்கள். உண்மைதான், ஆபீசில் ஒரு பேஜாரும் இல்லை. அதை நான்தான் கொண்டுபோனேன்.

ஆரணியில் இறங்கிய மறுநாள் நேராக ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். நான் போனது சித்தப்பா மகன் குமரனின் பட்டுப்புடவைக் கடைக்கு. அங்கே போட்டோ விளக்கெல்லாம் நிறுத்தி வைத்து, நடுவில் குமரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சென்னையிலிருந்து வர வேண்டிய மாடல் அம்மா வரவில்லையாம்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். "அக்கா, சாமி மாதிரி வந்த! இந்தப் பொடவைய கட்டிக்கினு சும்மா நில்லுக்கா. அறுபதாங் கல்யாணத்துக்குன்னு புதுசா போட்டிருக்கோம். வயசான மொகமா வேணும்."

"வயசான மொகமாடா?"

"லட்சணமான மொகம்க்கா. வயசானதுன்னு போட்டோகிராபர் சொன்னாரு."

"நான் எதுக்குடா இதுக்கெல்லாம்? ஊரு இன்னா பேசும்?" என்றேன். அதைச் சொன்னபோது மேக்கப் பெண்ணிடம் முகத்தைக் கொடுத்துவிட்டிருந்தேன். ("இந்தக் கன்னத்துல இன்னும் கொஞ்சம் பவுடர் போடும்மா" என்றும் சொன்னதாக குமரன் இன்றுவரை சாட்சி சொல்கிறான். எனக்கு ஞாபகம் இல்லை.)

அரக்கு நிறப் புடவை, மாம்பழ மஞ்சள் பார்டர். கழுத்தில் மாலை போட்டார்கள். போட்டோகிராபர், "பக்கத்துல அய்யா நிக்கிறாருன்னு நெனச்சிக்கினு கொஞ்சம் வெக்கப்படுங்கம்மா" என்றார். என் வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டேன். வெட்கம் தானாக வந்தது. புடவையை எனக்கே கொடுத்துவிட்டான் குமரன். அதோடு அதை மறந்துவிட்டு, படவேட்டில் அம்மனைப் பார்த்து, சொந்தக்காரர்கள் வீடெல்லாம் சுற்றி முடித்து, மெல்பர்ன் திரும்ப நாலு நாள் இருக்கும்போதுதான் பென்ஷன் ஆபீசுக்குப் போனேன்.

ஆட்டோவை விட்டு இறங்கினால், ஆபீசுக்கு எதிரே டீக்கடைக் கூரை மேல் நான் நிற்கிறேன். பத்தடி உயரம். என் தோளை உரசிக்கொண்டு, மாலையும் பட்டு வேட்டியுமாக, திருகி விட்ட மீசையோடு ஒரு ஆள். கீழே, 'அறுபதிலும் அதே ஜோடி, அதே பட்டு!'

யாரடா இந்த ஆள் என்று பதறினேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் எனக்கு முதலில் தோன்றியது, 'படம் நல்லாத்தான் வந்திருக்கு' என்பது. ஆளைப் பற்றி இரண்டாவதாகத்தான் யோசித்தேன்.

ஆபீசில் கூட்டம் கொஞ்சம்தான். ஒரு சின்னப் பெண் கிளார்க், தங்கமான பொண்ணு. விரல் வைக்கச் சொன்னாள், வைத்தேன். மிஷினே நான் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டது. இரண்டு தாளில் கையெழுத்து வாங்கினாள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கப் போனேன்.

"உங்கள எங்கியோ பாத்த மாதிரியே இருக்கும்மா" என்றாள்.

சிரித்துவிட்டு வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே! "ஜன்னல் வழியா எட்டிப் பாரும்மா" என்றேன், கொண்டையைச் சரிசெய்துகொண்டே.

எட்டிப் பார்த்தாள். 'அய்யோ அழகா இருக்கீங்களே' என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் கையெழுத்து காயாத தாளைப் பார்த்தாள். மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஆபீசர் வெளியே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எதிர்க்கூரையைப் பார்த்தார், அப்புறம் என்னை.

"அவரு யாரும்மா?"

"தெரியாதுங்க."

"தெரியாதவரு கூடவா மாலையும் கழுத்துமா நிக்கிறீங்க?"

"கம்ப்யூட்டர்ல ஒட்ட வெச்சிட்டாங்கங்க. நான் அந்த மனுஷன பாத்ததுகூட இல்ல."

வரிசையில் இருந்த ஒரு பெரியவர், "ஒட்டின மாதிரியே தெரியலியே, பொருத்தம் நல்லா இருக்குதே" என்றார். இன்னொருவர், "மாப்ள எந்த ஊரும்மா?" என்று அக்கறையாக விசாரித்தார். நான் தரையைப் பார்த்தேன். போட்டோவில் வந்த வெட்கம் இதில் கால்வாசி இருக்காது.

"நான் உங்கள நம்பறேன்மா" என்றார் ஆபீசர். நல்ல மனுஷர். "ஆனா மறுமணம் பண்ணிக்கலன்னு நீங்க எழுதிக் குடுத்த தாளு என் கையில, கல்யாணக் கோலத்துல நீங்க எதிர்ல. நாளைக்கு ஆடிட்டுக்கு வர்றவரு டீ குடிக்க எங்க போவாரு? அந்தக் கடைக்குத்தான். அவரு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"இப்ப நான் இன்னா பண்ணணுங்க?"

"அந்த ஆள கூட்டியாங்க. நான் இவங்க புருஷன் இல்லன்னு அவரே எழுதிக் குடுக்கட்டும். பைல்ல வெச்சிக்கினு உங்களத பாஸ் பண்ணிடறேன்."

நாலு நாளில் விமானம். அதற்குள் மாப்பிள்ளை கிடைக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். படியில் இறங்கும்போது மகள் போன் செய்தாள். "போன வேலை ஆச்சாம்மா?" "இல்லடி, மாப்பிள்ளையத் தேடிக்கினு இருக்கேன்" என்றேன்.

குமரன் கையைப் பிசைந்தான். "களம்பூர் ஆளுக்கா. ரைஸ் மில்லு மேஸ்திரி, ஏகாம்பரம்னு பேரு. மீச நல்லா இருக்குதுன்னு அவர தனியா எடுத்தோம். பேனர் போட்டவன் ரெண்டு பேரையும் சேத்துட்டான்."

"சரி, வா போலாம்."

"நீ போயிட்டு வாக்கா. அவங்க சம்சாரம் ரெண்டு நாளா போன் பண்ணிக்கினே இருக்காங்க, நான் எடுக்கல."

தனியாகத்தான் பஸ் ஏறினேன். மில்லுக்குப் பின்னால் வீடு. கதவைத் திறந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பெயர் அலமேலு என்று பின்னால் தெரிந்தது.

"நீதானா அது?"

"நான்தாம்மா. ஆனா நான் இல்ல" என்றேன். (வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று பெயர் எடுத்தவள் நான். வந்தது இவ்வளவுதான்.)

"முப்பத்தெட்டு வருஷம் குடுத்தனம் பண்ணியிருக்கேன். பக்கத்துல நிக்க வெச்சி ஒரு போட்டோ எடுத்துக்கினது இல்ல இந்த மனுஷன்! பஸ்ல வர்ற பொம்பளைங்க எல்லாம், 'இன்னா அலமேலு, உங்க வூட்டுக்காரருக்கு அறுபதாங் கல்யாணமாமே, உன்ன கூப்புடலியா'ன்னு கேட்டுட்டுப் போறாளுங்க. மூஞ்சிய எங்க வெச்சிக்கறது?"

உள்ளேயிருந்து அந்த மீசை எட்டிப் பார்த்தது. "நான்தான் அன்னிலிருந்து சொல்லிக்கினே இருக்கனே..."

"நீ வாய மூடு!"

மீசை உள்ளே போனது. பத்தடி ஆள், நேரில் என் தோள் உயரம்கூட இல்லை.

நான் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். "எங்க வூட்டுக்காரரு குடுக்கற காசும்மா அது. அது நின்னா அவரே இன்னொரு தடவ போன மாதிரி. உங்க வூட்டுக்காரரு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்" என்றேன்.

அலமேலு உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தா கவர்மென்டு சீல் வெப்பாங்களா?"

"வெப்பாங்க."

"அப்ப ரெண்டு காப்பி. ஒண்ணு எனக்கு. கேக்கறவளுங்க மூஞ்சிக்கு நேரா காட்டணும்."

மறுநாள் மூன்று பேருமாக ஆபீசில் நின்றோம். ஆபீசர் சொல்லச் சொல்ல ஏகாம்பரம் எழுதினார்: 'மேற்படி அம்மையார் என் மனைவி அல்ல. அவரை நான் நேற்றுவரை பார்த்ததில்லை.'

"இனிமேலும் பாக்க மாட்டேன்னு சேத்து எழுது" என்றாள் அலமேலு.

"அதுக்கு எங்க ரூல்ல இடம் இல்லம்மா" என்றார் ஆபீசர்.

"எங்க வூட்டு ரூல்ல இருக்குதுங்க."

ஆபீசர் ஏகாம்பரத்தைப் பார்த்தார். ஏகாம்பரம் எழுதினார். இரண்டு தாளிலும் சீல் விழுந்தது. அந்தச் சின்னப் பெண் பைலைக் கட்டி, "முடிஞ்சிதும்மா, நிம்மதியா போயிட்டு வாங்க" என்றாள். பத்து மாதக் கர்ப்பம் இறங்கின மாதிரி இருந்தது எனக்கு. எதிர்க் கடையில், எங்கள் படத்துக்குக் கீழேயே நின்று மூன்று பேரும் டீ குடித்தோம். "பொண்ணு மாப்ள கிட்ட காசு வாங்குவனா?" என்றார் டீக்கடைக்காரர். அலமேலு ஒரு பார்வை பார்த்தாள். காசை வாங்கிக் கல்லாவில் போட்டுக்கொண்டார்.

குமரனுக்கும் தண்டனை உண்டு. அலமேலுவுக்கு அதே பட்டுப்புடவை கட்டி, புருஷன் பக்கத்தில் நிற்க வைத்துப் புது பேனர் போட வேண்டும். போட்டான். அந்த ஜோடிதான் நிஜமாகவே பொருத்தம். கழற்றிய பழைய பேனரை அலமேலு சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றாம் தேதி மெல்பர்னில் நான் காப்பி போட்டுக்கொண்டிருந்தபோது பென்ஷன் வந்துவிட்ட சேதி போனில் வந்தது. அன்றைக்குப் பாலைக் கொஞ்சம் கூடவே ஊற்றினேன்.

போன வாரம் அலமேலு வீடியோவில் கூப்பிட்டாள். இப்போது நான் அவளுக்கு அக்கா. பழைய பேனரை என்ன செய்தாய் என்று கேட்டேன். "நடுவால வெட்டிட்டேன்க்கா" என்றாள். புருஷன் பாதி கூடத்தில் மாட்டியிருக்கிறது, பக்கத்தில் லேமினேட் செய்த சீல் தாளோடு. "என் பாதி?" என்றேன். போனைத் திருப்பிக் காட்டினாள். மில் களத்தில் நெல் மூட்டைகளை மூடிக்கொண்டு, மாலையும் வெட்கமுமாகப் படுத்திருக்கிறேன். "கெட்டியான ஷீட்டுக்கா, எம்மாம் மழை பேஞ்சாலும் ஒரு சொட்டு எறங்கல."

என் வீட்டில் இதை விடுவார்களா? பென்ஷன் தாள் என்று பேச்செடுத்தாலே மாப்பிள்ளை, "நல்லா யோசிச்சு கையெழுத்து போடுங்க அத்தை" என்கிறார். மகள் அதற்கும் மேலே. காலையில் போனை எடுத்து ஊரில் வானிலை பார்க்கிறாள். பார்த்துவிட்டு, சமையலறையில் இருக்கும் எனக்குக் குரல் கொடுக்கிறாள்:

"அம்மா, களம்பூர்ல மழையாம். நல்லா இழுத்து மூடிக்கோ!"