இடுப்பு ஒன்று, மாத்திரை இரண்டு

செகெட்,
ஞாயிற்றுக்கிழமை

தம்பி பாலிண்ட்டுக்கு அண்ணன் டெஜோ எழுதுவது. நீயும் உன் மனைவியும் சுகமாகவே இருப்பீர்கள். அண்ணன் மானத்தை வாங்கியவனுக்கு என்ன குறை?

என் மகள் எமெஷெயின் கல்யாணத்துக்காக ஒயின் பீப்பாயைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. என் டாக்டர் டோல்பெரிசோன் எழுதிக்கொடுத்தார். நிதானமான மாத்திரை, தூக்கம் வரவில்லை, தலை தெளிவாக இருந்தது, தசை மெல்ல இளகியது. கல்யாணத்தன்று காலை நானே குனிந்து ஷூ நாடா கட்டினேன். அப்போதுதான் நீ வந்தாய். "இதெல்லாம் ஒரு மாத்திரையாண்ணே? வெறும் சுண்ணாம்புக் கட்டி! என் டிசானிடினைப் போட்டுப் பாரு, இடுப்பு வெண்ணெயா உருகிடும்" என்று, உன் கழுத்துப் பிடிப்புக்கு உன் டாக்டர் கொடுத்ததை என் வாயில் திணித்தாய். உருகியது இடுப்பு மட்டுமா? நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது, இமை கடை ஷட்டர் மாதிரி இறங்கியது. அன்றைக்கு ஒரு சொட்டு பழச்சாராயம்கூடத் தொடாதவன் நான்! பெண் கேட்டு வந்த நாளில் என் மீன் சூப்பைக் குளத்துத் தண்ணி என்றானே சம்பந்தி, அவனை ஊர் முன்னால் நாறடிக்க ஒரு பேச்சை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்திருந்தேன். விருந்தில் பெண்ணின் அப்பா பேசும் முறை வந்ததும் கோப்பையோடு விருட்டென்று எழுந்தேன். தலை சுற்றி, சம்பந்தியம்மா மடியில் போய் உட்கார்ந்து குறட்டை விட்டேனாம்! "யாராச்சும் இவரைத் தூக்குங்களேன், காலு மரத்துப்போச்சு!" என்று அந்த அம்மா அலறினாளாம். நீயோ, "அண்ணனுக்கு ஆனந்தம் தாங்கல" என்று சொல்லி, என் இடத்தில் நின்று அந்தச் சம்பந்தியையே புகழ்ந்து பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய்!

டாக்டரிடம் முறையிட்டால், "அடுத்தவர் மாத்திரையைப் போட்டீங்களா? அதுவும் ரெண்டையும் சேர்த்தா?" என்று எனக்கே திட்டு. மாத்திரை என்னடா பலகாரமா, ஆளாளுக்கு நீட்ட?

இனி என் வாசலை மிதிக்காதே. உன் மனைவி மக்களுக்கு என் முழு ஆசி. உனக்குப் பாதி, அதுவும் நம் அம்மா முகத்துக்காக.

உன் அண்ணன்,
டெஜோ

பி.கு.: உறையின் பின்பக்கம் எழுதுகிறேன். இப்போதுதான் எமெஷெ வந்தாள். "சித்தப்பாவைத் திட்டாதீங்கப்பா. எப்படியாவது உங்களைப் பேச விடாம பண்ணுங்கன்னு நான்தான் அழுதேன். நீங்க பேசியிருந்தா மாப்பிள்ளை வீட்டார் அப்பவே கிளம்பியிருப்பாங்க" என்கிறாள். அடேய், இத்தனை பழியையும் நீயே சுமந்துகொண்டு அவளைக் காட்டிக்கொடுக்கவில்லையே! உறையை மூடித் தபால்தலையும் ஒட்டிவிட்டேன், வீணாக்க மனமில்லை. உள்ளே இருப்பதைப் படிக்காமல் கிழித்துப்போடு.