சூடு ஏறினால் அனுமதி

குடிமக்கள் பெருக வேண்டும் என்று மன்னர்கள் பலர் ஆசைப்பட்டிருக்கலாம். அதற்கென்று ஒரு "மகப்பேறு ஊக்குவிப்புத் துணைக்குழு" அமைத்த பெருமை அந்த நூற்பாலையையே சேரும்.

அங்கே அறுந்த நூலை ஒட்டுகிற ஒருத்திக்குப் பகல் ஷிப்ட். அவள் புருஷன் பாய்லர்க்காரனுக்கு ராத்திரி ஷிப்ட். கல்யாணமாகி ஆறு வருஷமாக இருவரும் தவறாமல் சந்திக்கும் இடம் ஆலை வாசல்.

"சோறு மூடி வெச்சிருக்கேன்."

"சரி."

இல்லறம் அவ்வளவுதான். வயிறு திறக்கவில்லை.

நிர்வாகம் மனமிரங்கி, லேடி டாக்டரை வரவழைத்து வகுப்பு நடத்தியது. வெள்ளைப்படுவது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று இழுபட்டால் கருமுட்டை வரப்போகிறது, அதுதான் சமயம் என்றார் டாக்டர். அந்தச் சமயத்தில் புருஷனுக்குப் பகல் ஷிப்ட் என்று மேனேஜர் அறிவித்தார். பெண்கள் கை வலிக்கத் தட்டினார்கள்.

அடுத்த மாதம் அறிகுறி கண்டதும் பாய்லர்க்காரன் பெண்டாட்டி மேனேஜரிடம் ஓடினாள்.

"சார், இன்னிக்கு அவருக்கு ஷிப்ட் மாத்திக் கொடுங்க."

"ஆதாரம்?"

அதைக் கொண்டுவந்து மேசைமேலா வைக்க முடியும்?

துணைக்குழு கூடியது. அத்தனை பேரும் ஆண்கள். டீ குடித்து, ஆழ்ந்து யோசித்து, தெர்மாமீட்டர்தான் பொய் சொல்லாத சாட்சி என்று தீர்மானித்தார்கள். காலையில் எழுந்திருக்கும் முன் உடம்புச் சூடு சற்றே ஏறியிருந்தால் அனுமதி.

ஆலை நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "சூடு ஏறுச்சுன்னா முட்டை வந்து முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம் சார். பஸ் போனப்புறம் டிக்கெட் கொடுக்கறீங்க."

"நடந்து முடிஞ்சதுக்குத்தானே நர்ஸம்மா ஆதாரம் இருக்கும்? நடக்கப்போறதுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? நாளைக்கு ஆடிட் வந்தா?" என்றார் மேனேஜர்.

நியாயந்தானே. மாதாமாதம் சூடு ஏறியது. மாதாமாதம் அனுமதி வந்தது. பாய்லர்க்காரன் சவரம் செய்துகொண்டு, "கம்பெனி உத்தரவு, வாடி" என்று சிரிப்பான். அவளுக்குச் சிரிப்பு வராது. மாதவிலக்கு மட்டும் தவறாமல் வந்தது.

ஆண்டு விழாவில், சலுகையை முழுமையாகப் பயன்படுத்திய தொழிலாளி என்று அவளை மேடையேற்றினார்கள்.

"நாலு வார்த்தை நல்லதா சொல்லும்மா," என்று மேனேஜர் மைக்கை நீட்டினார்.

அவள் வணங்கிவிட்டுச் சொன்னாள்: "பிள்ளை உண்டாகாம இருக்க மாத்திரை இருக்கு, ஊசி இருக்கு. அதெல்லாங்கூட எப்பவாச்சும் தவறிடும். நம்ம ஆபீஸ் ஒரு மாசங்கூடத் தவறலீங்க. ரொம்ப நன்றி சார்."