புண்ணாக்கு மூட்டை

“அப்பா, நெஞ்சுவலிக்காரங்க தும்மலாமா?” என்று மூன்றாம் வகுப்புச் சிவரஞ்சனி ஒருநாள் கேட்டாள்.

பதில் சொல்வதற்குள் நாகராசுவுக்குத் தும்மல் வந்துவிட்டது. “மாரியாத்தா!” என்று அவர் போட்ட சத்தத்தில், கடைவாசலில் தவிடு நக்கிக்கொண்டிருந்த ஆடு தெருவைத் தாண்டி ஓடியது.

கீரமங்கலத்தில் அவருக்கு மாட்டுத்தீவனக் கடை. சில நாள் முன்பு, லோடு இறக்கும் ஆள் வராததால் ஒரு லாரி மூட்டையையும் தானே இறக்கினார். மறுநாள் நெஞ்சின் இடப்பக்கம் பிடித்துக்கொண்டது. மனைவி சின்னப்பிள்ளை அலறியடித்து டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார். பிறகு விலாவை ஒரு விரலால் அமுக்கினார். நாகராசு துள்ளினார்.

“இதயம் நல்லா இருக்குங்க. பாரம் தூக்கினதுல, விலா எலும்பு நெஞ்சுல ஒட்டுற குருத்தெலும்பு வீங்கியிருக்கு. பாரம் தூக்காம விட்டா தானா ஆறும்.”

“எப்ப ஆறும்?”

“சிலருக்கு மாசக்கணக்குல இழுக்கும். அவசரப்பட்டா திரும்பத் திரும்ப வரும்.”

அம்மன் திருவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சப்பரத்தின் முன்தண்டில் தோள் கொடுப்பது அவர் அப்பா வழி வந்த இடம். ஒரு வருடம் தோளை எடுத்தால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள், மச்சான் வசந்தகுமார். இப்போதே தோளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு அலைகிறான்.

ஊரில் சுளுக்கு எடுக்கிற ராக்கனைக் கூப்பிட்டு நெஞ்சை நீவச் சொன்னார். ராக்கன் கோதுமை மாவு பிசைகிறவன்போல் நீவினான். வலி முதுகுக்கும் போனது. இறுக்கித் துண்டு கட்டினார். மூச்சு முட்டியது.

கடைசியில் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். விடிந்ததும் கடைமூலையில் தனியாக நிறுத்திய ஒரு புண்ணாக்கு மூட்டையைக் கண்ணை மூடி, ஆத்தாளை நினைத்துத் தூக்கிப் பார்ப்பது. வலி போய்விட்டதா என்று தெரிய வேண்டுமல்லவா?

வலி போகவில்லை. ஒவ்வொரு நாளும் கூடியது.

“ஏங்க, ஆறுற புண்ணை தெனமும் கிள்ளிப் பாப்பாகளா?” என்றாள் சின்னப்பிள்ளை.

“ஒனக்கு என்ன தெரியும்? தோளு பழகணும்ல!”

அவள் கெஞ்சினாள், திட்டினாள், சோறு போடமாட்டேன் என்றாள். ஒருநாள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம்தான் ஆத்தாள் கண் திறந்தாள். மூட்டை நாளுக்கு நாள் லேசானது. வலியும் வடிந்தது. வருகிறவர்களிடமெல்லாம், “டாக்டரு தூக்காதேன்னாரு. நான் தூக்கித் தூக்கியே ஓட்டிட்டேன்!” என்று நாகராசு மார்தட்டினார். தட்டினாலும் வலிக்கவில்லை.

திருவிழாவில் சப்பரம் ஊரைச் சுற்றியது. முன்தண்டில் அவர் தோள் அசையவில்லை. வசந்தகுமார் பின்னால் குடை பிடித்துக்கொண்டு வந்தான்.

மறுநாள், இனி எதற்கு என்று அந்த மூட்டையை, தீவனம் வாங்க வந்த வெள்ளைச்சாமியின் வண்டியில் ஏற்றிவிட்டார். எழுபது வயது வெள்ளைச்சாமி, ஊதினால் பறக்கிற உடம்பு. சாயங்காலம் அதே மூட்டையை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ஏப்பா நாகராசு, மேலாக்க ஒரு சாண்தான் புண்ணாக்கு. கீழ பூராம் உமி! எம்மாடு மோந்து பாத்துட்டு என்னைய மொறைக்குது!”

நாகராசு முதன்முறையாக மூட்டையின் வாயைப் பார்த்தார். ஓரத்தில், சின்னப்பிள்ளை ரவிக்கை தைக்கிற சிவப்பு நூல். பிரித்துப் பிரித்துத் தைத்த அடையாளம்.

வெள்ளைச்சாமிக்கு வேறு மூட்டை கொடுத்தனுப்பினார். கடையில் யாருமில்லை. ஊசி தேடி, உமி மூட்டையின் வாயைத் தானே தைத்து, பழைய மூலையில் பழையபடியே நிறுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் சின்னப்பிள்ளை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நாகராசு மூட்டையைக் கட்டிப்பிடித்து, பல்லைக் கடித்து, கால் நடுங்கத் தூக்கினார்.

“அம்மாடியோவ்! என்னா கனம், புள்ள!”